இடமில்லை என்று ஒரு கையெழுத்து

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

நீ வெளிநாட்டுக்குப் போன அன்று நான் முதலில் கவனித்தது எண்ணெய் வாசனையை. நான் வேலை பார்க்கிற சாவிக் கடையில் இறுகிப்போன பூட்டுக்கு விடுவோமே, அந்த எண்ணெய். நீ ஏறிய வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா விறுவிறுவென்று உள்ளே வந்து உன் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். "எதுக்கு இது இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தண்ணீர் வாரிய மோட்டார் அறைச் சத்தத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஆனால் கழற்றிய போல்ட்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். வேண்டாம் என்று கழற்றுகிறவர் எதற்கு எண்ணெய் போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான் யாரிடம் எதைக் கேட்டிருக்கிறேன்?

கட்டில் இப்போது பரணில் இருக்கிறது, பழைய போர்வை போர்த்தி. டப்பா எங்கே என்று தெரியவில்லை.

மறுநாள் வாசல் பூட்டையும் மாற்றினார். புதுப் பூட்டை எங்கள் கடையில்தான் வாங்கினார், முதலாளியை வீட்டுக்கே வரவழைத்து. கூடுதல் சாவி வெட்டும் வேலை என்னிடம் வந்தது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் கையாலேயே வெட்டினேன். உனக்கு இல்லை. எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீ வந்து பழைய சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று எழுதுகிறேன்.

அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. "நான் அலைஞ்சு திரிஞ்சு வாங்கிக் கொடுத்த நிரந்தர வேலையை விட்டுட்டுப் போறவனுக்கு இந்த வீட்ல இடமில்ல" என்று வாசலில் நின்று கத்தினாரே, அதைப் பற்றியும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுத் தையலக்கா மட்டும் பேசுகிறார். அன்று கேட்ட அதிர்ச்சியில் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாராம். எல்லோருக்கும் விரலைக் காட்டுகிறார்.

இன்னொன்றும் சொன்னார் அப்பா, நீ போன பிறகு. "ஒரு வருஷம் தாங்க மாட்டான், பாரு." அம்மா தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

உன் தங்கை

*

மே 8

வாயாடிக்கு,

லெட்டர் வந்துது. நீதானா எழுதினே? உனக்குப் போன் பண்ணினா "ம்", அப்புறம் இன்னொரு "ம்", கடைசியில ஒரு பெருமூச்சு. காசு போட்டுப் பெருமூச்சு கேக்கறதுக்கு நான் ஒண்ணும் இங்க சம்பாதிச்சுக் கொட்டல. இனிமே எழுது. பேப்பர்ல நீ பெரிய பேச்சாளியா இருக்கே.

கட்டிலைக் கழட்டிட்டாரா? சரி. பூட்டை மாத்திட்டாரா? ரொம்ப சரி. அந்தக் கட்டிலும் ஒரு கட்டிலா? திரும்பிப் படுத்தா கிரீச், இருமினா கிரீச். இங்க எனக்கு மூணு அடுக்குக் கட்டில். நான் நடு மாடி. மேல் மாடியில ஒரு வெல்டர், கீழ் மாடியில சமையல்காரர். சமையல்காரர் விடுற குறட்டையில நடு மாடி ஏறி இறங்குது. நாள் பூரா லிஃப்ட்டுக்குள்ள வேலை பாத்துட்டு வந்து ராத்திரியும் லிஃப்ட்லயே படுக்கிறேன்னு வெச்சுக்கோ.

வேலை நல்லா இருக்கு. புதுக் கட்டடம், புது லிஃப்ட், எல்லாம் பளபளன்னு. நேத்து ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு. உள்ள ஒரு அம்மாவும் அவங்க நாயும். கதவை நெம்பித் திறந்தா அந்த அம்மா எனக்கு நன்றி சொல்றாங்க, நாய் கடிக்க வருது. அப்பா ஞாபகம் வந்துது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்த மாதிரி இருந்துது.

அப்பாகிட்ட சொல்லு. இல்ல, நீ எங்க சொல்லப் போறே. சும்மா மனசுக்குள்ள சொல்லிக்கோ: ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷ ஒப்பந்தத்தையும் முழுசா முடிச்சுட்டு, சொந்தமா லிஃப்ட் சர்வீஸ் கடை போடக் காசோட வந்து நிப்பேன்.

எங்க வந்து நிப்பேன்னுதான் தெரியல.

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடையில் எனக்கு வேலை பிடித்திருக்கிறது. மெஷின் ஓடும்போது யாரும் பேச முடியாது, எனக்கு அது போதும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். சாயங்காலம் பித்தளைத் தூளைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் விரல் நுனி மினுமினுக்கிறது.

அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள் அம்மா. நாலு மாடிக் கட்டடம். எப்போதும் படியேறிப் போகிறவர் இந்த முறை லிஃப்டில் ஏறினார். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனாராம். அங்கிருந்த காவலாளியிடம், "யாரு இதுக்கு சர்வீஸ் பண்றது? நிக்கறப்போ குலுங்குது பாருங்க. ஒழுங்கா வேலை தெரிஞ்ச ஆளை வெச்சுக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டிருக்கிறார். டாக்டர் கூப்பிட்டபோது ஆள் லிஃப்டுக்குள் இருந்தார்.

போன வாரம் தையலக்காவின் உறவுக்காரர் ஒருவர் நீ படுத்திருந்த முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தார். அப்பா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "சும்மா காலியாத்தானே கிடக்கு?" என்றாள் அம்மா. "காலியா இருந்தா? கண்டவனையும் கொண்டாந்து படுக்க வைக்கணுமா?" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு விடுமுறை.

உன் தங்கை

*

டிசம்பர் 6

வாயாடிக்கு,

இதை உக்காந்து படி. அம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லு. அப்பாகிட்ட என்ன வாங்கணும்னு கீழே எழுதியிருக்கேன்.

இங்க மிச்சக் கட்டடங்களோட வேலை பாதியில நின்னு போச்சு. முதலாளிகளுக்குள்ள ஏதோ தகராறு. பிப்ரவரியோட எங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பறாங்க. ஏப்ரல்ல வந்தவன் பிப்ரவரியில திரும்பறேன். ஒரு வருஷம் ஆகல. அப்பா வாயில சக்கரையைப் போடு.

அது போகட்டும். இப்ப வேற ஒரு சிக்கல். கம்பெனிக்குக் கணக்குப் பாக்குற ஆடிட்டர் நம்ம நாட்டுக்காரர்தான். எங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு குண்டைப் போட்டார். "தம்பி, ஊரை விட்டுப் போறது வேற, வரிக்கணக்குல ஊரை விட்டுப் போறது வேற. ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிப் போய், அங்க உனக்குன்னு ஒரு வீடு காத்துக்கிட்டிருந்தா, அவங்க கணக்குல நீ எங்கயும் போகவே இல்ல. தெருமுனைக் கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரிதான்"னார்.

நான் சொன்னேன், "சார், கடைக்குப் போறவன் நடு மாடியில படுப்பானா?"

அவர் சிரிக்கல. விஷயம் என்னன்னா, இங்க வரி ரொம்பக் கம்மி. நான் போகவே இல்லைன்னு ஆயிட்டா, இங்க சம்பாதிச்சது பூராவும் அங்க சம்பாதிச்ச மாதிரி கணக்காகும். இங்க கட்டினது போக மிச்ச வரியை அங்க கட்டணும். கடை போடச் சேத்ததுல பாதிக்கு மேல காலி.

"இதுக்கு வழியே இல்லையா சார்?"னேன். "இருக்கு. அங்க உனக்குத் தங்க வீடே இல்லை, நீ நிஜமாவே எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்னு நிரூபிச்சா வாதாடிப் பாக்கலாம். வாடகை வீட்டைக் காலி பண்ணியிருக்கியா? வீட்டை வித்திருக்கியா?"ன்னார்.

"சார், எங்கப்பா என்னை வீட்டை விட்டே துரத்திட்டார்"னேன்.

அந்த மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல. "அருமை! அதை அவர்கிட்ட எழுதி வாங்கிடு"ன்னார்.

மத்தவங்க எல்லாம் என்னைப் பொறாமையாப் பாக்கறாங்க. சமையல்காரர் சொல்றார், "எங்கப்பாவும் இருக்காரே, ஒரு நாளாவது திட்டியிருக்காரா? உருப்படாத மனுஷன்."

அதனால கூட ஒரு காகிதம் வெச்சிருக்கேன். அப்பா கையெழுத்துப் போட்டா போதும். "என் மகன் சென்ற ஏப்ரலில் இந்த வீட்டை விட்டு வெளியேறினான். அன்று முதல் இந்த வீட்டில் அவனுக்கு இடம் கிடையாது. இனியும் கிடையாது." கடைசி வாக்கியம் ஆடிட்டர் சொன்னது இல்ல. அப்பா பேச்சு மாதிரி இருக்கட்டுமேன்னு நானே சேத்தேன்.

அவர் சொன்னதைத்தான் எழுதச் சொல்றேன். தெருவே சாட்சி. ஒரு கையெழுத்துக்கு என்ன கஷ்டம்?

அண்ணன்

*

டிசம்பர் 20

அன்புள்ள அண்ணா,

கையெழுத்துக் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காகிதத்தைக் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா கண்ணாடியை எடுத்தார், காகிதத்தைப் பார்த்தார், படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"அண்ணா" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"தப்பில்லாம எழுதியிருக்கான்." மறுபடி படித்தார். "நான் இப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"எப்ப?"

"அவன் பெட்டியைத் தூக்குறப்போ. பக்கத்து வீட்டுல அந்தக்கா கையில ஊசியே குத்திக்கிச்சு."

"அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. அதுக்கு நான் பொறுப்பா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உன் வேலை போனது, வரி, கடை, ஆடிட்டர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், ஆடிட்டருக்குப் பதிலாக இரண்டு முறை டாக்டர் என்று சொன்னதைத் தவிர. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கோவத்துல சொல்றது காத்தோட போயிடும். எழுதினா அப்படியே நிக்கும். நான் எழுத மாட்டேன்" என்றார்.

எனக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எழுதினாத்தாம்பா அண்ணா..." என்று ஆரம்பித்துவிட்டேன். பாதிதான் வந்தது. அப்பா திரும்பிக் கதவைப் பார்த்தார், கதவே பேசியதைப் போல.

"வரட்டும்னு நான் சொன்னேனா?"

"அப்ப வர வேணாமா?" என்றாள் அம்மா.

"வேணாம்னும் சொல்லலையே?"

"அப்படின்னா என்னதான் சொல்றீங்க?"

"நான் எதையும் சொல்லல. என்னைச் சொல்ல வைக்காதீங்க."

காகிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். மேஜை இப்போது ஆடவில்லை.

உன் தங்கை

*

ஜனவரி 4

வாயாடிக்கு,

மேஜைக்கு அடியிலா? நான் மூணு தடவை வெட்டித் திருத்தி எழுதினது மேஜைக்கு அடியிலா?

இந்த மனுஷனை என்னதான் பண்றது? ஊர் கேக்கக் கத்தத் தெரியுது, ஒரு வரி எழுத முடியல. சரி, எழுத வேணாம். "வா"ன்னு ஒரு வார்த்தை வாயாலயாவது சொல்லலாமில்ல? காசு போனாப் போகுதுன்னு வந்துடுவேன். அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, லிஃப்ட்டுக்கு வெளியில நின்னு பேப்பர் படிக்கிறார்.

இப்ப நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு இன்னொரு இடத்துல வேலை கேட்டு வெச்சிருக்காங்க. இன்னும் தூரம். மூணு வருஷ ஒப்பந்தம், நடுவுல லீவு கிடையாது. அங்க போயிட்டா வரிப் பிரச்சினையே இல்ல, ஏன்னா நான் திரும்பவே இல்லையே. பிப்ரவரி முதல் வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். வெல்டர் கையெழுத்துப் போட்டுட்டான்.

அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வழி. ஆடிட்டர் வரி ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கார். அங்கிருந்து ஒரு அதிகாரி நம்ம வீட்டுக்கே வந்து பாத்து, விசாரிச்சு எழுதிக்குவாங்களாம். எனக்கு அங்க இடம் இருக்கா இல்லையான்னு. அப்பா டியூட்டியில இருக்கிற நேரமாப் பாத்து வரச் சொல்லியிருக்கு. வீட்ல யாராவது ஒருத்தர் "இடமில்லை"ன்னு வாய் திறந்து சொன்னா போதும். பொய் சொல்லச் சொல்லல. துரத்தினது நிஜம், பூட்டு மாத்தினது நிஜம், கட்டில் கழட்டினது நிஜம். அம்மா சொல்லட்டும். அம்மாவுக்கு அழுகை வந்துட்டா நீதான்.

"ம்"னு சொல்லிட்டு நிக்காதே. நீ "இடமில்லை"ன்னு சொன்னாத்தான் நான் வீட்டுக்கு வர முடியும். சொல்லலேன்னா மூணு வருஷம்.

கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகு.

அண்ணன்

*

ஜனவரி 23

அன்புள்ள அண்ணா,

கண்ணாடி முன் நன்றாகத்தான் சொன்னேன். கடையில் மெஷின் சத்தத்துக்குள்ளும் சொல்லிப் பழகினேன். "எங்கண்ணனுக்கு இந்த வீட்ல இடமில்லைங்க." ஒரு வாடிக்கையாளர் காதில் விழுந்து, "பாவம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று அதிகாரி வந்தார். ஒரு அம்மா. தோளில் பெரிய பை, கையில் அட்டை வைத்த காகிதம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புதுப் பூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அம்மா டீ கொடுத்தாள். அதிகாரியம்மா கேட்டார், "உங்க பையன் திரும்பி வந்தா எங்கங்க தங்குவார்?"

அம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்தது, "அது அவன் பாடு, எங்களுக்குத் தெரியாது" என்று. ஆனால் பயத்தில் எங்கேயோ எல்லை தாண்டிப் போய்விட்டாள். "எனக்குப் பையனே இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதிகாரியம்மா சுவரைப் பார்த்தார். நாம் நாலு பேரும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. பரண், பூட்டு, மேஜை என்று எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

"அப்ப இது யாரு?"

அம்மா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அது ஸ்டுடியோக்காரர் பையன். சும்மா கூட வந்து நின்னான்."

"உங்க வீட்டுக்காரர் அவர் தோள்ல கை போட்டிருக்காரே?"

"அவருக்கு யார் நின்னாலும் கை போடற பழக்கம்" என்று சொல்லிவிட்டு, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பயப்படாதே. உங்கண்ணனுக்கு இந்த வீட்ல இடம் இருக்கா, இல்லையா?"

என் காது சூடானது. நீ மூன்று வருடம் போய்விடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். "எங்கண்ணனுக்கு" என்பது வந்துவிட்டது. "இந்த வீட்ல" என்பதும் வந்துவிட்டது. அதிகாரியம்மா தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார், மிச்சத்தை நான் சொல்லிவிட்டதைப் போல. பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன எழுதறீங்க?"

வாசலில் அப்பா. டியூட்டி உடுப்பில், கையில் சாப்பாட்டுப் பாத்திரம். யார் போய்ச் சொன்னது என்று கேட்காதே. தையலக்கா இன்று காலையில் மோட்டார் அறைப் பக்கம் போனதாகத் தெரிகிறது.

"இடமில்லைன்னு..." என்றார் அதிகாரியம்மா.

"யாரு சொன்னா?"

"நீங்கதான்" என்றாள் அம்மா அழுகையோடு.

"நான் சொன்னா? நான் ஆயிரம் சொல்லுவேன்! என் புள்ளையை நான் சொல்றேன், அவன் கேட்டுக்கிட்டுப் போறான். அதைக் கவர்மெண்ட் எதுக்கு எழுதிக்கிது?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னலும்.

அதிகாரியம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீடு இருக்குன்னு நீங்க சொன்னா, அவர் நாட்டை விட்டுப் போனதா நாங்க எடுத்துக்க முடியாது. எல்லாத்துக்கும் இங்க வரி கட்டணும். பெரிய தொகையா வரும்."

"கட்டட்டும். வீடு இருக்கிறவன் கட்டத்தான் செய்வான்."

"சும்மா பேச்சுக்குச் சொன்னா ஆகாதுங்க. அவருக்குன்னு ஒரு படுக்கையாவது இருக்கணும். நான் பாத்த வரைக்கும் இங்க..."

அவ்வளவுதான். அப்பா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். போர்வை விழுந்தது, அதோடு ஒன்பது மாதத் தூசியும் விழுந்தது. கட்டிலின் தலைமாடு வந்தது, கால்மாடு வந்தது, சட்டங்கள் வந்தன. பிஸ்கட் டப்பா எங்கே இருந்தது தெரியுமா? அவருடைய தலையணைக்குப் பின்னால், ஜன்னல் மாடத்தில், துணி சுற்றி. நான் தினம் பெருக்குகிற இடம். அதில் அவர் மருந்து வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு சட்டத்தை அதிகாரியம்மா கையில் கொடுத்தார். அவரும் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் பேனா, ஒரு கையில் உன் கட்டில். "நேராப் பிடிங்கம்மா, கோணலாப் போகுது பாருங்க" என்று ஒரு அதட்டல் வேறு. அவரும் நேராகப் பிடித்தார். போல்ட்டுகள் ஒரு திருகில் உள்ளே போயின. துரு இல்லை, ஒன்றும் இல்லை. எண்ணெய் வாசனை வந்தது.

பூட்டி முடித்ததும் அப்பா, "உக்காந்து பாருங்க" என்றார். அதிகாரியம்மா தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். நான் அந்தக் கிரீச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அதிகாரியம்மா உட்கார்ந்தபடியே பழையதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார். "இடம் உண்டுன்னு போட்டிருக்கேன். எப்பலேர்ந்து? இன்னிலேர்ந்தா, இல்ல அவர் வெளிநாட்டுல இருந்தப்பவும் இருந்துதா?"

இன்றிலிருந்து என்று சொல்லியிருந்தால் உனக்குக் கொஞ்சமாவது வரி குறைந்திருக்குமோ என்னவோ. அந்தம்மா அதற்காகத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கும் தோன்றியிருக்கும், அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"அவன் பொறந்த நாள்லேர்ந்து" என்றார் அப்பா. "எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டார், அண்ணா. அழுத்திப் போட்டார். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் டியூட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அதனால் உனக்கு முழு வரியும் விழும். என்னால் மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. நீ அந்த மூன்று வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. போட்டால் எழுது. போடாவிட்டாலும் எழுது.

உன் தங்கை

*

பிப்ரவரி 3

வாயாடிக்கு,

உன் லெட்டரை முதல்ல படிச்சப்போ வந்த கோவத்துல நடு மாடியிலேர்ந்து எழுந்து மேல் மாடியில தலையை இடிச்சுக்கிட்டேன். ஆடிட்டருக்குப் போன் பண்ணினேன். "சார், எங்கப்பா மாத்திச் சொல்லி, கட்டிலையும் பூட்டிக் காட்டிட்டார்." "கட்டிலையே பூட்டிக் காட்டிட்டாரா?"ன்னு கேட்டார். "ஆமா சார்." "அப்ப நாம வாதாட ஒண்ணும் இல்ல தம்பி. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆதாரத்தை நான் பாத்ததில்ல"ன்னார்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். கடை இப்போதைக்கு இல்ல. இன்னும் கொஞ்ச காலம் யார்கிட்டயாவது வேலை பாக்கணும். அப்பா வாழ்க்கையில எத்தனையோ பேசியிருக்கார், எல்லாம் இலவசம். "பொறந்த நாள்லேர்ந்து"ன்னு சொன்னாரே, அது ஒண்ணுக்குத்தான் இவ்வளவு விலை ஆயிருக்கு.

உன் லெட்டரை சமையல்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். அதிகாரியம்மா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துல சிரிச்சார். அப்புறம் அந்த டப்பா இருந்த இடம் வந்துது. "தம்பி, மிச்சத்தை நாளைக்குப் படி"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டார். குறட்டை வரல.

அந்த மூணு வருஷக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இருபதாம் தேதி வரேன். வரியையும் கட்டி, ஒரு வருஷம் தாங்க மாட்டேன்னு சொன்னதுலயும் தோத்து, ரெண்டு கையும் வீசிக்கிட்டு வரேன். ஜெயிச்சவர் முகத்தை எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியல.

இன்னொண்ணு. நான் வந்து சேரும்போது மத்தியானம் ஆயிடும். நீ கடையில இருப்பே, அம்மா வெளியில எங்கயாவது போயிருப்பாங்க. என்கிட்டச் சாவி இல்ல. வாசல்ல நின்னு கதவைத் தட்டி, அப்பா வந்து திறந்து, நான் உள்ள வரலாமான்னு பாத்துக்கிட்டு நிக்கறதை நினைச்சாலே கூச்சமா இருக்கு. உன் கடைக்கு நேரா வந்துடறேன். நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. பேச வேணாம், கூட நடந்தா போதும்.

அண்ணன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததை அம்மாவிடம் சொன்னேன், அப்பா காதில் விழும்படி. இருபதாம் தேதி, மத்தியானம், சாவி இல்லை, எல்லாவற்றையும். எனக்கே ஆச்சரியம், முழுதாகச் சொல்லி முடித்தேன். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மேஜை ஆடியது. காலுக்கு அடியில் இருந்த காகிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை கடையில் கூட்டம். வரிசையில் ஒரு அலமாரிச் சாவி, ஒரு சைக்கிள் பூட்டு, அதற்குப் பின்னால் அப்பா. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கடைக்குள் வந்து நின்றதில்லை. என்னைத் தெரியாதவர் போல, சுவரில் தொங்குகிற பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு தன் முறை வரும்வரை நின்றார். முறை வந்ததும் தன் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என்ன சார், தொலைஞ்சு போச்சா?" என்றார் முதலாளி.

"இல்ல. இதே மாதிரி இன்னொண்ணு வெட்டணும்."

"வீட்ல மூணு பேர்தானே? மூணுதான் அப்பவே வெட்டிக் கொடுத்துட்டோமே?"

"ஆள் கூடுது" என்றார் அப்பா. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். அப்பா தெருவைப் பார்த்தார். நான் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து, அப்பாவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்து இறுக்கி, மெஷினைப் போட்டேன்.